ஷமீமா டெஸ்ட்

போன வாரம் நித்யா போன் செய்தாள். ராணிப்பேட்டையில் நான் வேலை பார்த்த தோல் ரசாயனக் கம்பெனியில், ஆராய்ச்சி லேபில் என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள்தான். கெட்டிக்காரப் பெண். ஆனால் போன் எடுத்தால் வணக்கம் கிடையாது, நலமா கிடையாது, நேராகக் கேள்விதான்.

"மேடம், ஷமீமா யாரு? பெரிய சயின்டிஸ்டா?"

"எந்த ஷமீமா?"

"நம்ம ஷமீமா டெஸ்ட் இருக்குதே மேடம். பேட்ச் கெட்டியானா, 'ஷமீமா போட்டுப் பாரு'ன்னு ஆபரேட்டர்ங்க சொல்றாங்க இல்ல, அது. நெட்ல தேடிப் பாத்துட்டேன், அந்தப் பேர்ல ஒரு டெஸ்ட்டும் இல்ல."

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவளுக்கோ அவசரம். வெளியூரிலிருந்து ஆடிட்டுக்கு வருகிறார்களாம். ரியாக்டர் பக்கத்தில் ஆணியில் தொங்கும் எவர்சில்வர் டம்ளரைப் பார்த்தால் சாப்பாட்டுப் பாத்திரம் பிளாண்டுக்குள் எப்படி வந்தது என்று கேட்பார்களாம். எடுத்துப் போட்டுவிடலாம் என்று சேஃப்டி ஆபீசர் சொல்லியிருக்கிறார்.

"முனிரத்தினம் அண்ணன் மட்டும் அதைத் தொட்டா கைய ஒடச்சிடுவேன்றாரு. ஏன்னு கேட்டா கிரேஸ் மேடத்தைக் கேளுன்றாரு."

"எடுக்காதே" என்றேன்.

"காரணம் சொல்லணும் மேடம். ஆடிட்டருக்கு நான் இன்னா சொல்றது?"

போனில் சொன்னால் பாதியில் மீட்டிங் என்று ஓடிவிடுவாள். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். முப்பது வருஷத்துக்கு மேல் காலையில் டிபன் டப்பாவோடு பஸ் பிடிக்க ஓடியவளுக்கு இப்போது நேரத்துக்கு என்ன குறைச்சல்.

நான் வாலாஜாவில் பள்ளிக்கூடம் முடித்து, வேலூரில் பி.எஸ்சி. வேதியியல் படித்தவள். அப்பா ஆஸ்பத்திரியில் வார்டு அட்டெண்டர். எனக்குக் கிரேஸ் என்று பெயர் வைத்தவர்கள் கூடவே கொஞ்சம் பொறுமையையும் வைத்திருக்கலாம். படிப்பு முடிந்ததும் இந்தக் கம்பெனியின் தரக்கட்டுப்பாட்டு லேபில் சேர்ந்தேன். வருகிற டிரம்மைத் திறந்து, சாம்பிள் எடுத்து, அமிலம் எவ்வளவு, கெட்டி எவ்வளவு என்று பார்த்துக் கையெழுத்துப் போடுகிற வேலை. அதில் என் இளமை போயிற்று. அதைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது.

நாற்பது வயதைத் தாண்டிய பிறகுதான் கவுஸ் சார் என்னைக் கூப்பிட்டார். ஆம்பூர்க்காரர், தினமும் ரயிலில் வருவார். உற்பத்தி மேனேஜராக இருந்தவர். முதலாளியிடம் கேட்டு ஒரு சின்ன ஆராய்ச்சி லேப் வாங்கியிருந்தார். லேப் என்றால் ஒரு அறை, சரக்குக் காய்ச்ச ஒரு கண்ணாடி ரியாக்டர், ஒரு தண்ணீர்த் தொட்டி, அவர், அடுத்து நான். வேறு ஆள் கிடையாது. குடுவை கழுவுவதும் நான்தான்.

"ஏன் சார் என்னை எடுத்தீங்க? பி.எச்டி. பசங்கல்லாம் கெடைப்பாங்களே" என்று ஒரு நாள் கேட்டேன்.

"நீ பிடிக்கலன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லுவ. அதுக்குத்தான்" என்றார்.

அவருடைய பழக்கங்களைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. ரியாக்டரில் வேலை சூடுபிடிக்கும்போது கையில் இருக்கும் வாட்சைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுவிடுவார். முதல் முறை பார்த்தபோது தண்ணீர் பட்டுவிடுமோ என்று கழற்றுகிறார் என நினைத்தேன். அப்படி இல்லை. "டைம் பாத்தா மனசு அவசரப்படும். சாமானைப் பாரு, அது இன்னா சொல்லுதுன்னு கேளு" என்பார். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. திட்ட வேண்டும் என்றால்கூட, "இன்னாம்மா இப்டிப் பண்ட்ட" என்று வருத்தமாகக் கேட்பார். அதற்கு நாலு அறை அறைந்துவிடலாம். இன்னொன்று, கேன்டீன் கண்ணாடி கிளாஸில் டீ குடிக்க மாட்டார். வீட்டிலிருந்து கொண்டுவந்த எவர்சில்வர் டம்ளர் ஒன்று அவர் மேசை மேல் கவிழ்த்து வைத்திருக்கும். விளிம்புக்குக் கீழே புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கும். ஷமீமா. அவர் வீட்டம்மாவின் பெயர். கல்யாணச் சீரில் வந்த டம்ளர்.

ஆக நித்யா, ஷமீமா சயின்டிஸ்ட் இல்லை. ஆனால் அந்தப் பெயர் எப்படி ரியாக்டர் வரைக்கும் போனது என்பதற்கு இன்னும் கொஞ்சம் பொறு.

ஷூவுக்குப் போகிற தோலுக்குக் கடைசியாக ஒரு பூச்சு அடிப்பார்கள். பளபளப்பும் நிறமும் அதில்தான் நிற்கும். அந்த நாளில் நல்ல பூச்சு எல்லாம் தின்னர் வாடை அடிக்கிற சரக்கு. ஆம்பூர் தொழிற்சாலைகளில் ஸ்பிரே அடிக்கிற இடத்தில் நிற்கும் பெண்கள் சாயங்காலம் தலைவலியோடுதான் வீட்டுக்குப் போவார்கள். என் நாத்தனார் அதில் ஒருத்தி. தண்ணீரில் கரைகிற பூச்சும் இருந்தது, ஆனால் ஷூ மடங்குகிற இடத்தில் கீறல் விடும். வெடிக்காத தண்ணீர்ப் பூச்சு வேண்டும். கவுஸ் சார் பிடித்த பிடிவாதம் இதுதான்.

சென்னையில் ஏதோ கருத்தரங்குக்குப் போய்விட்டு வந்தவர், கிளைத்த பாலிமர் என்று ஆரம்பித்தார். சாதாரண பாலிமர் நீளமான கயிறு மாதிரி. இது கிளை விட்டு வளரும், ஏரிக்குள் மண்டிக் கிடக்கும் சீமைக் கருவேலம் மாதிரி. அதன் ஒரு பகுதிக்குத் தண்ணீர் பிடிக்கும், இன்னொரு பகுதிக்குத் தண்ணீரே ஆகாது. ரியாக்டருக்குள் அது வளர வளர, தண்ணீர் பிடிக்காத பகுதி நீண்டுகொண்டே போகும். ஒரு கட்டத்தில் அந்தப் பகுதிகள் எல்லாம் தண்ணீருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒன்றோடு ஒன்று உள்பக்கமாக ஒட்டிக்கொள்ளும். நாம் எதையும் பிடித்து அடுக்க வேண்டாம். தயாராகும்போதே தாமாகக் கூடிக்கொள்ளும். முதலில் கண்ணுக்குத் தெரியாத குட்டிக் குட்டி உருண்டைகள். இன்னும் வளர்ந்தால் மெல்லிய இழைகள். அதற்கும் மேலே போனால் உள்ளே வெற்றிடம் உள்ள பைகள். இந்தப் பைகள்தான் எங்களுக்கு வேண்டியது. தோல் மடங்கும்போது அவை அமுங்கிக் கொடுக்கும், பூச்சு வெடிக்காது. இப்போது எல்லோரும் நானோ, நானோ என்கிறார்களே, அதுதான் இது. அன்றைக்கு எங்களிடம் அதைப் பார்க்கக் கருவி ஒன்றும் கிடையாது. கண்ணும் மூக்கும்தான்.

மூக்கு பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். கிளைகள் எல்லாம் ஒழுங்காக, ஒன்றை ஒன்று முந்தாமல் வளர்வதற்கு ஒரு மருந்து சேர்ப்போம். ரோஸ் கலரில் பார்க்க அழகாக இருக்கும். மூடியைத் திறந்தால் அழுகின பூண்டு நாற்றம். பஸ்ஸில் என் பக்கத்து சீட் பல நாள் காலியாகவே வந்தது. என் வீட்டுக்காரர், "உன்னை யாரும் இடிக்க மாட்டாங்க, நல்லதுதான்" என்பார்.

கிளை வைப்பதற்கு இன்னொரு சாமான். அதற்கு இரண்டு கை என்று கவுஸ் சார் சொல்லுவார். இந்தப் பக்கம் ஒரு கிளையைப் பிடிக்கும், அந்தப் பக்கம் இன்னொன்றைப் பிடிக்கும். அளவாகப் போட்டால் மரம் வளரும். ஒரு கை கூடினால் எல்லா மரமும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ஒரே முடிச்சாகிவிடும். பிளாண்டில் அதை செட் ஆவது என்பார்கள். செட் ஆன சரக்கை எந்தச் சாமியாலும் கரைக்க முடியாது. ஆள் உள்ளே இறங்கி உளி வைத்து உடைத்துத்தான் எடுக்க வேண்டும்.

லேபில் நாங்கள் செய்த முறை இது. காலையில் கண்ணாடி ரியாக்டரில் முதல் சரக்கைப் போட்டு, உள்ளே இருக்கும் காற்றை நைட்ரஜன் விட்டு விரட்டி, தண்ணீர்த் தொட்டியில் சூடேற்றுவோம். பிறகு இரண்டாம் சரக்கைச் சொட்டுச் சொட்டாக விடுவோம். தெளிவாக இருக்கும் திரவம் மதியத்துக்கு முன்னால் லேசாக நீலம் தட்டும். அந்த நீலம் சட்டென்று தெரியாது. அதற்காகக் கவுஸ் சார் கருப்புத் தோல் துண்டு ஒன்றை வைத்திருந்தார். சாம்பிளை அதற்கு முன்னால் பிடித்தால் தண்ணீர் கலந்த பாலின் ஓரத்தில் தெரிகிற அதே நீலம் தெரியும். நீலம் வந்துவிட்டால் உருண்டைகள் பிறந்துவிட்டன என்று அர்த்தம். "பொறந்துட்டாங்க, வா சாப்புடலாம்" என்பார். சொட்டு விழுந்துகொண்டிருக்க, நாங்கள் கேன்டீனுக்குப் போவோம். திரும்பி வந்து பார்த்தால் பால் போல வெள்ளையாக, தண்ணீராக ஓடும் சரக்கு ரெடி. ஒவ்வொரு முறையும் இப்படித்தான்.

குடுவையைக் கழுவும்போது மட்டும் எனக்கு எரிச்சல் வரும். கண்ணாடியின் கழுத்தில், சரக்கு தெறித்த உயரத்தில், ஜவ்வரிசிக் கஞ்சி மாதிரி கெட்டியாக ஒரு வளையம் ஒட்டியிருக்கும். பிசின் எதுவாக இருந்தாலும் வெந்நீர் ஊற்றிக் கழுவுவதுதான் எங்கள் வழக்கம். இது வெந்நீருக்கு இன்னும் இறுகிக்கொண்டது. ஒரு நாள் ஹீட்டர் ரிப்பேர். பச்சைத் தண்ணீர்க் குழாயில் காட்டினேன், வழுக்கிக்கொண்டு போய்விட்டது. சனியன் தொலைந்தது என்று நினைத்தேனே தவிர, ஏன் என்று யோசிக்கவில்லை.

தோலில் பூசி மடக்கிப் பார்த்தோம், வெடிக்கவில்லை. ஆனால் கண்ணாடிக் குடுவையில் வந்தால் போதுமா, பெரிய ரியாக்டரில் வர வேண்டும். முதலாளி கெட்டவர் இல்லை. இரண்டு வருஷமாக ஒரு பைசா வருமானம் இல்லாமல் லேபுக்குச் செலவழித்தவர். கடைசியில் எங்களைக் கூப்பிட்டார்.

"ஒரு பேட்ச் போடுங்க கவுஸ். ஓடுனா லேப் இருக்கும். ஓடலன்னா அந்த ரூம ஸ்டோர் ஆக்கிடலாம். ஜாஸ்தி நாள் என்னால முடியாது."

தரக்கட்டுப்பாட்டில் என் இடத்துக்கு வேறு ஆள் எடுத்தாயிற்று. என் வீட்டுக்காரர் முதுகு ஆபரேஷன் முடிந்து கட்டிலில் இருந்தார். வீடு என் ஒருத்தி சம்பளத்தில் ஓடியது. லேப் போனால் வேலை போயிற்று. நாற்பது தாண்டிய வெறும் பி.எஸ்சி.க்கு ராணிப்பேட்டையில் யார் கதவைத் திறப்பார்கள்? அந்த ஒரு பேட்ச் ஓட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வேறு எதையும் நான் கேட்கவில்லை.

பேட்ச் போட்டது நல்ல வெயில் காலம். ரம்ஜான் மாசமும் அதிலேயே வந்திருந்தது. கவுஸ் சார் நோன்பு. எச்சிலைக்கூட முழுங்க யோசிக்கிற மனுஷன், கொதிக்கிற ரியாக்டர் பக்கத்தில் காலையிலிருந்து நின்றார். ரியாக்டரில் முனிரத்தினம் அண்ணன். கலவை ஊர்ப் பக்கத்துக்காரர், சீனியர் ஆபரேட்டர், அவர் கை வைத்த பேட்ச் கெட்டதில்லை என்று பெயர். நைட்ரஜன் விட்டோம், சூடேற்றினோம், சொட்டு ஆரம்பித்தது. கவுஸ் சார் வாட்சைக் கழற்றிப் பையில் போட்டார். மதியம் கருப்புத் தோலுக்கு முன்னால் சாம்பிளைப் பிடித்தேன், நீலம் தட்டியது. எனக்கு உயிர் வந்தது.

டீ நேரம் நெருங்கும்போது ரியாக்டருக்குள் கலக்கியின் சத்தம் மாறியது. முதலில் முனகல், பிறகு உறுமல். மோட்டாரின் கரண்ட் காட்டும் முள் மேலே ஏறியது. மேல்வாய் வழியாக எட்டிப் பார்த்தேன். பாலாக இருக்க வேண்டியது கூழாக இருந்தது. கலக்கி சுற்றுகிற இடத்தில் மட்டும் சுழி, ஓரமெல்லாம் அசையாமல் நின்றது.

பிளாண்டில் ஒரு வழக்கம் உண்டு. பிசின் கெட்டியானால் ஸ்டீம் கொடு, இளகிவிடும். முனிரத்தினம் அண்ணன் அதைத்தான் செய்தார், வேறு யார் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். ஸ்டீம் வால்வைத் திறந்தார். முள் இறங்கவில்லை, இன்னும் ஏறியது. மேடை அதிர ஆரம்பித்தது.

"இன்னா சார் இது, ஸ்டீம் குடுக்கக் குடுக்க ஜாஸ்தி ஆவுது" என்றார். சொல்லிக்கொண்டே ஸ்டாப்பர் கேனைத் தூக்கிவிட்டார். ஸ்டாப்பர் என்பது வளர்கிற பாலிமரை அப்படியே கொல்லுகிற மருந்து. ஊற்றினால் பேட்ச் செத்தது, ஆனால் ரியாக்டர் பிழைக்கும்.

"ஊத்திடட்டா சார்? ரெண்டு கை சாமான் போட்டிருக்குது. செட் ஆயிட்டா உள்ள எறங்கி உளி வெக்கிறது நாங்கதான்."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. கவுஸ் சார் என் பக்கம் திரும்பினார்.

"கிரேஸ்மா, லேப்ல இப்டி ஆச்சா?"

"இல்ல சார். தெளிவா இருக்கும், நீலம் தட்டும், சாப்ட்டு வந்து பாத்தா பாலா இருக்கும்."

"சாப்ட்டு வந்து பாத்தா."

அவர் அதைத் திருப்பிச் சொன்னவுடன் எனக்கு உறைத்தது. நடுவில் என்ன ஆயிற்று என்று நாங்கள் ஒரு நாளும் பார்த்ததில்லை. அந்த நேரத்தில் இரண்டு பேரும் கேன்டீனில் சாம்பார் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருப்போம்.

"நாம சாப்ட்டுனு இருந்தோம் சார்" என்றேன். அந்த நிலைமையிலும் அவருக்குச் சிரிப்பு வந்ததை நான் பார்த்தேன்.

அப்போதுதான் அந்த வளையம் நினைவுக்கு வந்தது. குடுவையின் கழுத்தில் வெந்நீருக்கு இறுகி, பச்சைத் தண்ணீருக்கு வழுக்கிப் போன அந்தச் சனியன். மூச்சுவிடாமல் சொன்னேன். இது முடிச்சு விழுந்து செட் ஆனதாக இருந்தால் எதற்கும் கரையாது. ஆனால் இது உருண்டைக்கும் பைக்கும் நடுவில் வருகிற இழைகளாக இருந்தால், வெறும் சிக்கல்தான். இழைகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து சரக்கைக் கெட்டியாகக் காட்டுகின்றன. குளிர்ந்தால் பிரிந்துவிடும். ஒரு சாம்பிள் எடுத்து ஐஸில் வைத்துப் பார்க்கலாம் சார்.

"இளகலன்னா?" என்றார் முனிரத்தினம் அண்ணன்.

"ஊத்திடுங்கண்ணா" என்றேன்.

கவுஸ் சார் முனிரத்தினம் அண்ணன் பக்கம் திரும்பினார். "முனி, கேனைக் கீழ வெக்காத, கையிலயே வெச்சிரு. ஸ்டீம மூடு, சொட்ட நிறுத்து. கிரேஸ் சொல்றத ஒரு தடவ பாத்துடலாம்" என்றார். சொல்லிவிட்டு ஓரமாகப் போய்ச் செல்போனில் யாரிடமோ பேசினார். வீட்டுக்குத்தான் லேட் ஆகும் என்று சொல்கிறார் என நினைத்தேன்.

ஐஸுக்கு எங்கே போவது? கேன்டீன் பிரிட்ஜ் ரிப்பேராகிப் பல நாளாகியிருந்தது. கேட்டுக்கு வெளியே மரத்தடியில் ஒரு மீன்காரம்மா கடை போடுவார். ஓடினேன். "ஐஸு மட்டும் குடுங்கக்கா" என்றால் ஏற இறங்கப் பார்க்கிறார். "மீன் வாங்காம ஐஸு மட்டும் இன்னாத்துக்கு?" என்னிடம் அங்கே நின்று விளக்கப் பொறுமை இல்லை. "எங்க ரியாக்டருக்கு ஜுரம்க்கா" என்றேன். என்ன நினைத்தாரோ, ஒரு பக்கெட் நிறைய அள்ளிக் கொடுத்தார். கூடவே இரண்டு சங்கரா மீனும் வந்துவிட்டது, அதைப் பிறகுதான் பார்த்தேன்.

திரும்பி வந்தால் அடுத்த சிக்கல். எங்கள் சாம்பிள் பாட்டிலுக்கு வாய் சின்னது. கூழ் உள்ளே இறங்கவில்லை. ரியாக்டர் மேடையில் வாயகன்ற பாத்திரம் ஒன்றுகூட இல்லை. கவுஸ் சார் விடுவிடு என்று அறைக்குப் போனார், கையில் அவருடைய டம்ளரோடு வந்தார். நோன்பு மாசமானதால் பகலில் டீ படாமல் துடைத்துக் காய்ந்து கிடந்த டம்ளர். விளிம்பில் கம்பியைச் சுற்றி, மேல்வாய் வழியாக உள்ளே விட்டு அள்ளினார். டம்ளரைக் கவிழ்த்தேன், ஒரு சொட்டு விழவில்லை. முனிரத்தினம் அண்ணன் கேனை இறுக்கிப் பிடித்தார்.

டம்ளரை ஐஸ் பக்கெட்டுக்குள் புதைத்தேன். மூன்று பேரும் சுற்றி நின்றோம். ஸ்டீம் வாடை, பூண்டு நாற்றம், மீன் கவிச்சி. கவுஸ் சாரின் உதடு வெடித்து வெளுத்திருந்தது. நான் மனசுக்குள் ஜெபம் பண்ணினேன். ஜெபம் என்றால் அழகான வார்த்தை ஒன்றும் இல்லை, இளகு, இளகு என்பதுதான்.

டம்ளரை எடுத்துச் சாய்த்தேன். முதலில் தயங்கியது. பிறகு ஒரு பக்கமாக நகர்ந்தது. பிறகு பால் மாதிரி ஓடி விளிம்புக்கு வந்து நின்றது. ஓரத்தில் நீலம்.

"இன்னா கூத்து இது" என்றார் முனிரத்தினம் அண்ணன். "எங்கூட்ல பாயாசம் ஆறினா கட்டியாவும். இது ஆறினா தண்ணியாவுது."

கவுஸ் சார் அதோடு விடவில்லை. டம்ளரை வெந்நீரில் வைக்கச் சொன்னார். திரும்பக் கூழானது. திரும்ப ஐஸில் வைத்தோம், திரும்ப ஓடியது. "முடிச்சு இல்ல. சிக்கல்தான்" என்றார். முனிரத்தினம் அண்ணன் கேனைக் கீழே வைத்தார்.

மேல்தொட்டித் தண்ணீர் அந்த வெயிலில் வெந்நீராகக் கிடந்தது. அதனால் போர்வெல் தண்ணீரையே நேராக ரியாக்டரைச் சுற்றியிருக்கும் உறைக்குள் திறந்துவிட்டார் முனிரத்தினம் அண்ணன். கொஞ்சம் கொஞ்சமாக உறுமல் முனகலானது, முள் இறங்கியது. ஓரத்தில் நின்ற கூழ் நகர்ந்து சுழிக்குள் போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்தக் குளிர்ச்சியிலேயே நிறுத்தி, மிச்சச் சொட்டை மெதுவாக விட்டோம். இழைகள் பைகளாக மாறிய பிறகு சூடு ஏற்றிப் பார்த்தோம், கெட்டியாகவில்லை. பாலாகவே நின்றது.

முதலாளி வந்தபோது வெள்ளையாக ஓடிக்கொண்டிருந்தது. "செட் ஆயிடும்னு சொன்னாங்களே, இத எப்டிக் காப்பாத்துனீங்க, யார் யோசனை இது?" என்று கேட்டார்.

"கிரேஸ்" என்றார் கவுஸ் சார். அவ்வளவுதான். தன் பெயரைப் பக்கத்தில்கூடச் சேர்க்கவில்லை.

பள்ளிவாசலில் பாங்கு சத்தம் கேட்டது. அவர் அதைக் கவனிக்காமல் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். வாட்ச் பைக்குள் இருந்தது அல்லவா. முனிரத்தினம் அண்ணன்தான், "சார், நோன்பு தொறக்கணும்" என்றார். டம்ளர் நாறிப்போயிருந்தது. தன் டிபன் கேரியர் மூடியைத் தேய்த்துக் கழுவி, தண்ணீர் பிடித்து நீட்டினார். கவுஸ் சார் அந்த மூடியில்தான் நோன்பு திறந்தார். டம்ளரைக் கையில் எடுத்துப் பார்த்து, "இனிமே இதுல டீ குடிக்க முடியாது. இங்கயே கெடக்கட்டும்" என்று ஆணியில் மாட்டினார். அடுத்த பேட்சிலிருந்து, இழைப் பருவம் வந்து கெட்டியாகும்போதெல்லாம் அந்த டம்ளரில்தான் சாம்பிள். அதில் வெட்டியிருந்த பெயரைப் படித்து ஆபரேட்டர்கள் ஷமீமா டெஸ்ட் ஆக்கிவிட்டார்கள்.

லேப் இருந்தது. நானும் இருந்தேன். என் வீட்டுக்காரர் எழுந்து நடந்தார். என் நாத்தனார் அடிக்கிற ஸ்பிரேயில் இப்போது தின்னர் இல்லை. கவுஸ் சார் சில வருஷம் கழித்து ஓய்வு பெற்றார். போன மாசம் நானும்.

என் வழியனுப்பு விழாவில் மாலை போட்டு, போட்டோ எடுத்து, எல்லாம் முடிந்த பிறகு முனிரத்தினம் அண்ணன் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"மேடம், அன்னிக்கு ஐஸு வாங்க நீங்க ஓடுனீங்களே, சார் போன் பேசினாரு, ஞாபகம் இருக்குதா? மொதலாளிகிட்டதான் பேசினாரு. நான் பக்கத்துல கேன் வெச்சினு நின்னேன். 'ரியாக்டர் செட் ஆனா அது என் முடிவு. முனி மேலயும் தப்பு இல்ல, கிரேஸ் மேலயும் தப்பு இல்ல. நான் வேலைய விட்டுட்டுப் போயிடறேன், லேப மட்டும் மூடாதீங்க. அதுக்கு கிரேஸ் போதும்'னாரு. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட வாக்கு வாங்கிட்டாரு. இப்ப நீங்க ரெண்டு பேரும் வேலைல இல்ல. இனிமே சொன்னா இன்னா."

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் மாலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். இத்தனை வருஷம் என் வேலையை நானே காப்பாற்றிக்கொண்டேன் என்று நினைத்திருந்தேன். அது உண்மைதான், பாதி உண்மை. நான் ஐஸுக்கு ஓடிய நேரத்தில் அந்த மனுஷன் தன் வேலையை எடுத்து எனக்கு முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறார்.

நித்யா போன் செய்த மறுநாள் ஆம்பூருக்குப் போனேன். ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம்தான் வீடு. கவுஸ் சார் இளைத்திருந்தார். வாட்ச் மட்டும் அதே வாட்ச். முனிரத்தினம் அண்ணன் சொன்னதைச் சொல்லி, "ரொம்ப நன்றி சார்" என்றேன். இதைச் சொல்லத்தான் வந்தேன்.

"அப்டியா சொன்னேன்? ஞாபகம் இல்லம்மா. மீன்காரம்மாதான் ஞாபகம் இருக்குது. டீ சாப்புடு" என்றார். ஞாபகம் இருக்கிறது என்று அவர் முகத்தில் தெரிந்தது.

அவர் வீட்டம்மா டீ கொண்டுவந்தார். எவர்சில்வர் டம்ளர். விளிம்புக்குக் கீழே புள்ளி புள்ளியாக அதே பெயர். நான் அதைத் தடவிப் பார்ப்பதைக் கவனித்துவிட்டார்.

"எங்க அம்மா வீட்ல குடுத்தது மேடம். ஆறு இருந்துச்சு. ஒண்ண ஃபேக்டரிக்கு எடுத்துனு போய்த் தொலைச்சிட்டாரு. எங்கன்னு கேட்டா இன்ன வரைக்கும் பதில் இல்ல."

நான் கவுஸ் சாரைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தார். சொல்ல வேண்டாம் என்று என்னிடம் யாரும் வாக்கு வாங்கவில்லை. அதனால் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். டம்ளர், ஐஸ், பாயாசம், ஆணி. "தொலையலம்மா. நாங்க ரெண்டு பேரும் ரிட்டயர்டு, அது இன்னும் வேலைல இருக்குது. 'ஷமீமா போடு, ஷமீமா போடு'ன்னு உங்க பேரைச் சொல்லாம அங்க ஒரு பேட்சும் எறங்காது" என்றேன்.

அந்த அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். பிறகு வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார்.

"கட்டிக்கினு வந்த நாள்லேர்ந்து 'இந்தாம்மா'தான். ஒரு நாள் என் பேர் சொல்லி நீங்க கூப்ட்டது இல்ல. ஃபேக்டரில ஊரே கூப்புடுதா?"

கவுஸ் சார் கையிலிருந்த வாட்சை மெதுவாகக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.